ரேவ், ஹார்ட்கோர் தொகுப்பு ஆல்பங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டு அலமாரியில் இரண்டு அடுக்கு முழுக்க 1986 முதல் 1996 வரை வந்த பிரிட்டிஷ், பெல்ஜிய, டச்சு நடன இசைத் தொகுப்புகள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றை உருவிப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, முதல்ல இந்த ரேவ்னா என்ன, ஹார்ட்கோர்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானா?

ரேவ் என்பது கூட்டம், ஹார்ட்கோர் என்பது அங்கே ஓடிய இசை. சிகாகோவின் ஹவுஸ் இசையும் டெட்ராய்ட்டின் டெக்னோவும் (இரண்டும் மின்னணு நடன இசை) பிரிட்டனுக்கு வந்து 1988-இல் பற்றிக்கொண்டன. அடுத்த ஆண்டு லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களிலும் காலிக் கிடங்குகளிலும் ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய ஆடினார்கள். சன்ரைஸ், எனர்ஜி, பயாலஜி என்ற பெயர்களில் அமைப்பாளர்கள் இருந்தார்கள். எங்கே நடக்கிறது என்பது கடைசி நேரத்தில் தொலைபேசியில் ஒலிக்கும் பதிவுச் செய்தியில்தான் தெரியவரும். 1990-இல் சட்டம் வந்தது: அனுமதியில்லாமல் நடத்தினால் 20,000 பவுண்டு வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதன்பிறகு பெரும்பகுதி உரிமம் பெற்ற அரங்குகளுக்குள் போனது.

ஹார்ட்கோர் என்று நான் இங்கே சொல்வது 1990 முதல் 1993 வரையிலான பிரிட்டிஷ் வகை. பழைய ஃபங்க் தட்டுகளின் டிரம்ஸை வெட்டி எடுத்து வேகமாக ஓட்டுவது, அதற்கு மேல் துள்ளும் பியானோ, சுருதி ஏற்றியதால் குழந்தைக் குரல் போலாகிவிட்ட பாடகி, அடியில் ரெகே கணக்கில் உறுமும் பேஸ். 1990-இல் நிமிடத்துக்கு 125 அடி என்று இருந்த வேகம், 1992 முடிவதற்குள் 150-ஐத் தொட்டது. அமெரிக்காவின் ஹார்ட்கோர் பங்க் வேறு, அதற்கும் இதற்கும் உறவில்லை. நெதர்லாந்தில் இதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. தண்டர்டோம் கேள்விக்கு வரும்போது அதைச் சொல்கிறேன்.

தொகுப்பு ஆல்பம்னா நம்ம 'சூப்பர் ஹிட்ஸ்' கேசட் மாதிரிதானே? அதுக்குப் போய் என்ன இவ்வளவு மரியாதை?

இல்லை, இங்கே நிலைமை தலைகீழ். சினிமாவில் முதலில் படத்தின் ஆல்பம் வரும், பிறகு அதில் நல்லதைப் பொறுக்கி 'ஹிட்ஸ்' போடுவார்கள். ரேவ் இசையில் ஆல்பம் என்ற பேச்சே முதலில் இல்லை. ஒரு பன்னிரண்டு அங்குல வினைல் தட்டு, அதில் இரண்டு முதல் நான்கு ட்ராக், அவ்வளவுதான். சிறிய லேபிள்கள், அதாவது தட்டு வெளியிடும் நிறுவனங்கள், குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்து, காரில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சிலவற்றின் நடுவில் வெற்று வெள்ளைக் காகிதம், பெயர்கூட இருக்காது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டிஜேக்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

சனிக்கிழமை இரவு ஆடிய பாட்டை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்க ஆசைப்பட்ட சாதாரண ரசிகன் என்ன செய்வான்? அந்தப் பாட்டின் பெயரே அவனுக்குத் தெரியாது. தொகுப்பு ஆல்பம்தான் அதற்கு வழி. பெயரும் தெரிந்தது, பாட்டும் கைக்கு வந்தது. ராக் இசைக்கு ஆல்பம் எப்படியோ, ஹார்ட்கோருக்குத் தொகுப்பு அப்படி. தனிக் கலைஞரின் முழு ஆல்பம் என்று நிற்பவை மிகக் குறைவு. 1992-இல் த ப்ராடிஜி வெளியிட்ட 'எக்ஸ்பீரியன்ஸ்' அந்த விதிவிலக்குகளில் பெரியது.

இந்த வகையில முதல்ல வந்தது எது?

ஹார்ட்கோருக்கு முந்தைய இரண்டு ஆல்பங்களிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். 1986-இல் லண்டனில் வெளியான 'த ஹவுஸ் சவுண்ட் ஆஃப் சிகாகோ' ஒன்று. 1988-இல் வந்த 'டெக்னோ! த நியூ டான்ஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்' இன்னொன்று.

இரண்டாவதன் கதை சுவையானது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த நீல் ரஷ்டன் அதைத் தொகுத்தார். முதலில் வைக்க நினைத்த பெயர் 'த ஹவுஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்'. கடைசி நேரத்தில் ஹுவான் அட்கின்ஸ் கொடுத்த ட்ராக்கின் பெயர் 'டெக்னோ மியூசிக்'. அந்தச் சொல்லையே தலைப்புக்குத் தூக்கினார்கள். டெக்னோ என்ற சொல் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் ஓர் இசை வகையின் பெயராக அது உலகம் முழுக்கப் பரவியது இந்த அட்டையின் உபயத்தில். ஒரு தொகுப்பு ஆல்பம் ஓர் இசைக்குப் பெயர் சூட்டுவது எத்தனை தடவை நடக்கும்?

அதே ரஷ்டனின் நெட்வொர்க் லேபிள் 1990-இல் 'பயோரிதம்' வெளியிட்டது. வடக்கு இங்கிலாந்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்த 'ப்ளீப்' ஓசையை (குட்டிக் குட்டி மின்னணு 'பீப்' ஒலிகள்) காதில் வாங்க அது நல்ல இடம்.

பிரிட்டிஷ் ரேவ்னு சொல்றீங்க, ஆனா அட்டையில எல்லாம் பெல்ஜியம் பெல்ஜியம்னு போட்டிருக்கே?

பெல்ஜியம் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. எண்பதுகளின் இறுதியில் அங்கே 'நியூ பீட்' என்று ஒன்று கிளம்பியது. 45 வேகத்தில் சுழல வேண்டிய ஒரு தட்டை ஒரு டிஜே 33-இல் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் முள்ளை எட்டு சதவீதம் வரை ஏற்றிவிட்டார். இழுவையும் கனமுமாக ஒரு புது ஓசை பிறந்தது. ஊரே அதற்கு ஆடியது. அந்தக் கனம் அப்படியே இருக்க, வேகம் மட்டும் ஏறியபோது கிடைத்ததுதான் பெல்ஜிய டெக்னோ.

பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) நகரத்து ஆர் அண்ட் எஸ் லேபிள் (ரெனாட், சபீன் என்ற தம்பதியின் முதல் எழுத்துகள்) நியூயார்க்கைச் சேர்ந்த ஜோயி பெல்ட்ராமின் 'எனர்ஜி ஃப்ளாஷ்', 'மென்டாஸம்' இரண்டையும் 1990, 91-இல் வெளியிட்டது. 'மென்டாஸம்' ட்ராக்கில் வரும் அந்த அலறல், ரோலண்ட் ஆல்ஃபா ஜூனோ சின்தசைசரில் தயாராக இருந்த ஓர் ஒலியிலிருந்து வந்தது. அதை உருவாக்கியவர் எரிக் பெர்சிங். வாக்குவம் கிளீனர் இழுக்கிற மாதிரி இருப்பதால் அதற்கு 'ஹூவர்' என்றே பெயராகிவிட்டது. லண்டனின் ரியாக்ட் லேபிள் 1991-இல் தன் ரியாக்டிவேட் வரிசையைத் தொடங்கியபோது, முதல் தொகுதிக்கு இட்ட துணைத் தலைப்பே 'த பெல்ஜியன் டெக்னோ ஆந்தம்ஸ்'.

எக்ஸ்எல் லேபிளோட 'சாப்டர்' ஆல்பங்களை ஏன் இப்படிக் கொண்டாடுறாங்க?

எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் 1989-இல் பெகர்ஸ் பேங்க்வெட் நிறுவனத்தின் நடன இசைக் கிளையாகத் தொடங்கியது. 'த ஃபர்ஸ்ட் சாப்டர்', 'த செகண்ட் சாப்டர்', 'த தேர்ட் சாப்டர்' என்று 1991, 92-இல் அடுத்தடுத்து மூன்று தொகுப்புகள் வந்தன. மூன்றையும் வரிசையாகக் கேட்டால் ஒன்று புரியும்: ஒரே லேபிளின் காது இரண்டே ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே போனது என்பது.

இரண்டாவதற்குத் துணைத் தலைப்பு 'ஹார்ட்கோர் யூரோப்பியன் டான்ஸ் மியூசிக்'. அப்போது டி99, க்யூபிக் 22 போன்ற பெல்ஜியப் பெயர்களை எக்ஸ்எல்தான் பிரிட்டனில் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதே மேசையிலிருந்துதான் எஸ்எல்2-வும் த ப்ராடிஜியும் வந்தார்கள். மூன்றாவது ஆல்பத்துக்கு வரும்போது பெல்ஜிய இரும்பு பின்னுக்குப் போய் லண்டன் பிரேக்பீட் (அந்த வெட்டி ஒட்டிய டிரம்ஸ்) முன்னால் நிற்கிறது. என்னைக் கேட்டால் மூன்றில் இரண்டாவதுதான் சிறந்தது. மூன்றாவதுதான் என்று என்னோடு சண்டை போடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் ஜங்கிள் (ஹார்ட்கோரிலிருந்து பின்னால் பிறந்த வகை) வழியாக வந்தவர், அப்படித்தான் சொல்வார்.

டிவியில விளம்பரம் வந்த ஆல்பங்களும் இதுவும் ஒண்ணுதானே? அதே பாட்டுதான இருக்கு?

பாட்டு அதே, நோக்கம் வேறு. 1989 ஜனவரியில் பிரிட்டனின் ஆல்பம் தரவரிசையிலிருந்து பல கலைஞர் தொகுப்புகளைப் பிரித்துத் தனிப் பட்டியல் போட்டார்கள். தொகுப்பு மட்டுமே போடும் நிறுவனங்களுக்கு அது தனி மைதானம். டெல்ஸ்டார் அதே ஆண்டு 'டீப் ஹீட்' வரிசையைத் தொடங்கியது. டினோ 1991-இல் 'ஹார்ட்கோர் எக்ஸ்டஸி' போட்டது. முப்பது விநாடி விளம்பரம், பளபளக்கும் பெரிய எழுத்து, பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கிற விநியோகம்.

இவர்கள் செய்தது உரிமம் வாங்கும் வியாபாரம். ஒவ்வொரு ட்ராக்கையும் அதன் லேபிளிடம் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நாட்டுக்கு என்று வாங்கி அடுக்குவார்கள். அதனால் ஒரே ஹிட் பாட்டு ஒரே ஆண்டில் நாலைந்து ஆல்பங்களில் தலைகாட்டும். லேபிள் தொகுப்பு அப்படியல்ல, தன் சரக்கைத் தானே காட்டும் கடை ஜன்னல் அது. ரோம்ஃபோர்டின் சபர்பன் பேஸ் 1992-இல் போட்ட 'பேஸ் ஃபார் யுவர் ஃபேஸ்' நல்ல உதாரணம். பூகி டைம்ஸ் என்ற ரெக்கார்டு கடையிலிருந்து வளர்ந்த லேபிள் அது. கடைக்கு வருகிற பையன்கள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று கவுன்டருக்குப் பின்னால் நின்றே தெரிந்துகொண்டவர்கள்.

அதற்காக டிவி ஆல்பங்களைக் கேவலமாகப் பேச மாட்டேன். சின்ன ஊர்ப் பையன்களுக்கு இந்த இசை போய்ச் சேர்ந்தது அவற்றால்தான்.

ஒரே பாட்டு ஒரு ஆல்பத்துல ஆறு நிமிஷம் ஓடுது, இன்னொண்ணுல மூணே நிமிஷம். எது அசல்?

பெரும்பாலும் நீளமானதுதான். வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் சத்தம் குறையாமல் இருபது நிமிடம் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்கள் நெருங்கி, பேஸ் மெலிந்துவிடும். ஒரே தட்டில் பதினாறு பாட்டு என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருந்தால், இரண்டு பக்கத்துக்கும் நாற்பது நிமிடம், ஆளுக்கு இரண்டரை நிமிடம் என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம். அறிமுகத் தாளத்தையும் நடுவில் வரும் மௌனத்தையும்தான் முதலில் வெட்டுவார்கள். ஹார்ட்கோரில் உயிர் இருப்பதே அந்த மௌனத்தில். டிரம்ஸ் நின்று, பியானோ மட்டும் தனியாக வந்து, கூட்டம் கையைத் தூக்கும் இடம் அது.

இரட்டைத் தட்டு என்றாலும் 74 நிமிட சிடி என்றாலும் மூச்சு விட இடம் இருக்கும். நான் முதலில் அப்படி முழுசாகக் கேட்கவில்லை. லண்டனில் இருந்த பெரியப்பா மகன், ஓர் இரட்டைத் தட்டை அறுபது நிமிட கேசட்டில் அடைத்து அனுப்பினான். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து டேப் தீர்ந்து 'டக்'கென்று பட்டன் மேலே வரும். இன்றைக்கும் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்கும்போது அந்த இடத்தில் காது 'டக்'கை எதிர்பார்க்கிறது.

அட்டையில ஒரு முகம்கூட இல்லையே? இத்தனை பேரு பெயர் இருக்கு, யாருமே பிரபலம் இல்லையா?

இத்தனை பெயர் இருக்கிறது என்பதால் இத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே ஆள் ஐந்து பெயரில் எழுதுவது அங்கே சாதாரணம். ஒரு லேபிளுக்கு ஒரு பெயர், ஒரு பாணிக்கு ஒரு பெயர். மேலே சொன்ன 'மென்டாஸம்' தட்டில்கூட கலைஞர் பெயராக பெல்ட்ராம் இல்லை, செகண்ட் ஃபேஸ் என்றுதான் இருக்கும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜம்பின் அண்ட் பம்பின் லேபிள் 1992-இல் வெளியிட்ட 'எர்த்பீட்'. மென்டல் க்யூப், ஸ்மார்ட் சிஸ்டம்ஸ், இண்டோ ட்ரைப், யாஜ் என்று பின்னட்டையில் ஒரு கூட்டமே நிற்கும். எல்லாம் ப்ரையன் டூகன்ஸ், கேரி கோபெய்ன் இருவர்தான். ஃப்யூச்சர் சவுண்ட் ஆஃப் லண்டன் என்று பின்னால் பேரெடுத்த அதே ஜோடி. பல கலைஞர் தொகுப்பு என்ற வேடத்தில் ஒரு தனி ஆல்பம். முகம் இல்லாததற்கு இதுவே காரணம். ஆடுகிறவனுக்கு முகம் தேவைப்படவில்லை, லேபிளின் சின்னம் போதும்.

எல்லாப் பாட்டுலயும் ஒரே டிரம்ஸ் கேக்குது. என் காதுல கோளாறா?

காது நன்றாக இருக்கிறது. த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்காகப் பதிவு செய்த 'அமென், பிரதர்' பாட்டில், கிரிகரி கோல்மன் என்ற டிரம்மர் நான்கு சுற்று தனியாக வாசிக்கிறார். மொத்தம் ஏழு விநாடிகூட வராது. பிரிட்டிஷ் ஹார்ட்கோரிலும் ஜங்கிளிலும் பாதிக்கு மேல் அந்த ஏழு விநாடியை வெட்டி, திருப்பி, வேகம் ஏற்றி ஒட்டியதுதான் என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை.

இதிலும் ஒரு தொகுப்பு ஆல்பம்தான் ஒளிந்திருக்கிறது. 1986-இல் நியூயார்க்கில் தொடங்கி 25 தொகுதி வரை வந்த 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' வரிசை. ஹிப்-ஹாப் டிஜேக்களுக்காகப் பழைய தட்டுகளின் டிரம்ஸ் துண்டுகளைத் திரட்டிப் போட்டது. அதன் முதல் தொகுதியிலேயே 'அமென், பிரதர்' உண்டு. அரிய தட்டைத் தேடி அலைய வேண்டாம், இந்த ஒன்றை வாங்கினால் போதும். பிரிட்டிஷ் பையன்களின் சாம்பிளருக்குள் (பிறர் பதிவிலிருந்து ஒலித் துண்டை எடுத்துத் திருப்பி வாசிக்கும் கருவி) அது இறங்கியது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கோல்மனுக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. 2006-இல் இறந்தார். 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய 24,000 பவுண்டு, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மிக்ஸ் பண்ணின ஆல்பம் வாங்கணுமா, தனித்தனிப் பாட்டா இருக்கிறதா?

1993 வரையிலான தொகுப்புகளில் பெரும்பாலானவை தனித்தனிப் பாட்டுகளாக இருப்பவை. டிஜேக்களும் அவற்றை வாங்குவார்கள் என்று லேபிள்கள் எதிர்பார்த்தன. பாட்டு அறுபடாமல் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் போகும் மிக்ஸ் சிடி பிற்பாடுதான் பெரிய சந்தையானது. 1994-இல் சாஷாவும் ஜான் டிக்வீடும் ரெனசான்ஸ் என்ற பெயரில் போட்ட மூன்று சிடி தொகுப்பு அந்த மாற்றத்தின் அடையாளம். இசை வேறு வகை என்றாலும் அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கிளம்பினார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் தனித்தனி. வீடு பெருக்கும்போது ஓட விட மிக்ஸ்.

'டேப் பேக்'னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் தொகுப்புதானா?

அது வேறு இனம். நிகழ்ச்சியில் டிஜேக்கள் வாசித்ததை மிக்சரிலிருந்து நேராகப் பதிவு செய்து, ஆளுக்கு ஒரு கேசட்டாக ஆறோ எட்டோ சேர்த்து, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு விற்றார்கள். மில்டன் கீன்ஸில் நடந்த ட்ரீம்ஸ்கேப், அப்புறம் ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர், ஃபான்டாசியா என்று எல்லாப் பெரிய அமைப்பாளர்களும் இதைச் செய்தார்கள். 1992 ஜூலையில் டோனிங்டன் பார்க்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டிய ஃபான்டாசியா, பிறகு தன் பெயரிலேயே கடைகளில் ஆல்பமும் விற்றது.

டேப் பேக்கில் எம்சி (மைக் பிடித்துக் கூட்டத்தை உசுப்புகிறவர்) கத்துவார், கூட்டம் விசில் அடிக்கும், இடையிடையே கப்பல் ஹாரன். பாட்டின் பெயர் எதிலும் இருக்காது. எம்சி குரலுக்கு நடுவே நாலு விநாடி கேட்ட ட்ராக்கைத் தேடி இருபது வருடம் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதா, வியாதி என்று சொல்வதா தெரியவில்லை.

தண்டர்டோம் சிடி ஒண்ணு போட்டுப் பார்த்தேன், தலைவலி வந்துடுச்சு. இதையுமா ஹார்ட்கோர்ங்கிறாங்க?

நெதர்லாந்தில் ஹார்ட்கோர் என்றால் இதுதான். இன்னொரு பெயர் கேபர். ஆம்ஸ்டர்டாம் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்குத் தோழன் என்று பொருள். நம் 'மச்சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் உடைந்து துள்ளும் பிரேக்பீட் கிடையாது. கிக் டிரம் ஒன்றைச் சிதையும் அளவுக்கு ஏற்றி, நிமிடத்துக்கு 180, 190 முறை நேராக அடிப்பது. இதன் மையம் ரோட்டர்டாம். பால் எல்ஸ்டாக் 1992-இல் அங்கே தொடங்கிய ரோட்டர்டாம் ரெக்கார்ட்ஸ் இதன் தாய் லேபிள்.

மூன்று இளைஞர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த ஐடி அண்ட் டி அமைப்பு, 1992 அக்டோபரில் ஹீரன்வேன் பனிச்சறுக்கு அரங்கில் முதல் தண்டர்டோம் நிகழ்ச்சியை நடத்தியது. அடுத்த ஆண்டு ஆர்கேட் நிறுவனம் வழியாக முதல் சிடி வந்தது. பேய்ப்பட போஸ்டர் மாதிரி அட்டை, டிவி விளம்பரம், வரிசை எண். மேலே சொன்ன டெல்ஸ்டார் உத்தியேதான். ஆனால் அங்கே விற்றது நாட்டிலேயே கொடூரமான இசை! பள்ளிப் பையன்கள் எண் விட்டுப்போகாமல் சேர்த்தார்கள். தலைவலி வந்தது நியாயம்தான். ஐந்தாவது பாட்டு வரை பொறுத்துப் பாருங்கள், அதற்குள் அடி மறந்து அடிக்கு நடுவே இருப்பது கேட்கத் தொடங்கும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் எல்லாமும் இல்லை.

ஹார்ட்கோர் எப்போ ஜங்கிளா மாறிச்சு? தேதி சொல்லுங்க.

தேதி சொல்ல முடியாது, அட்டைகளைப் பார்த்து ஊகிக்கலாம். 1991-இல் த ப்ராடிஜியின் 'சார்லி' பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. குழந்தைகளுக்கான அரசு விளம்பரப் பூனையின் குரல் அதில் சாம்பிள். அடுத்த ஆண்டு ஸ்மார்ட் ஈஸ் குழுவின் 'செசமீஸ் ட்ரீட்' இரண்டாம் இடம். இதுவும் குழந்தைகள் நிகழ்ச்சிப் பாட்டு. பொம்மைப் பாட்டு வெள்ளமானதும் உள்ளே இருந்தவர்களுக்கே வெறுத்துவிட்டது.

1993-இல் ஒரு பிரிவு பியானோவைத் தூக்கி எறிந்துவிட்டு இருட்டுப் பக்கம் போனது. 4ஹீரோ குழுவின் ரீஇன்ஃபோர்ஸ்டு லேபிள் அதன் கூடாரம். அந்த வழி ஜங்கிளுக்கும் டிரம் அண்ட் பேஸுக்கும் போகிறது. 1994-இல் சபர்பன் பேஸின் துணை லேபிள் 'டிரம் அண்ட் பேஸ் செலக்‌ஷன்' வரிசையைத் தொடங்கியபோது, ரேவ் என்ற சொல்லே அட்டையிலிருந்து காணாமல் போயிருந்தது. இன்னொரு பிரிவு பியானோவை விடவில்லை. அது ஹேப்பி ஹார்ட்கோர். 1996-இல் அதே ரியாக்ட் லேபிள் தொடங்கிய 'பாங்கர்ஸ்' வரிசை அவர்களுடைய கோட்டை. மூன்றாவது பிரிவு ஆடுவதையே விட்டுவிட்டு உட்கார்ந்தது. வார்ப் லேபிளின் 1992 தொகுப்பு 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' அட்டையில் ஓர் இயந்திர மனிதன் சாய்வு நாற்காலியில் கிடக்கிறான், தரையில் பிங்க் ஃப்ளாய்டு, க்ராஃப்ட்வெர்க் தட்டுகள். இதைவிடத் தெளிவாக ஒருவன் 'எனக்குக் கால் வலிக்கிறது' என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் மாத்திரை போட்டுட்டுக் கேக்குற பாட்டுன்னு சொல்றாங்களே?

எக்ஸ்டஸி மாத்திரை அந்தக் கூட்டங்களில் தாராளமாகப் புழங்கியது, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. உயிர்களும் போயின. டினோவின் 'ஹார்ட்கோர் எக்ஸ்டஸி' தலைப்பே அந்தச் சிலேடையை வைத்துத்தான் பிழைத்தது. ஆனால் நான் இவற்றைக் கேட்டது டீயோடும் சில சமயம் முறுக்கோடும். பியானோ வேலை செய்யத்தான் செய்கிறது.

'ஒரே மாதிரி அடிக்கிற தாளம்'னு சொல்லியே சட்டம் போட்டாங்களாமே? அப்போ ஆல்பத்தையும் தடை பண்ணினாங்களா?

இல்லை. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொது மேய்ச்சல் நிலத்தில் அனுமதியின்றி இருபதாயிரம் பேருக்கு மேல் கூடி ஒரு வாரம் ஆடினார்கள். அதன் எதிரொலியாக வந்தது 1994-இன் குற்றவியல் நீதிச் சட்டம். அதில் இசை என்பதற்கு, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும் அடிகளும் அடங்கும் என்று நிஜமாகவே எழுதிவைத்தார்கள். கட்டுப்படுத்தியது திறந்த வெளியில் இரவில் நடக்கும் கூட்டங்களைத்தான். கடையில் ஆல்பம் வாங்கவும் வீட்டில் போடவும் தடையில்லை. ஆட்டகர் என்ற ஜோடி, எந்த இரண்டு சுற்றும் ஒன்றாக வராதபடி ஒரு ட்ராக் செய்து அதே ஆண்டு வெளியிட்டது தனிக் குறும்பு.

இதுல பாதி ஆல்பம் ஸ்ட்ரீமிங்ல இல்லையே, ஏன்?

மேலே டிவி ஆல்பங்கள் பற்றிச் சொன்னதில் பாதி விடை இருக்கிறது: உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் முடிந்ததும் அந்தத் தொகுப்பு சட்டப்படி கலைந்துவிடுகிறது. பாட்டுகள் அவரவர் லேபிளுக்குத் திரும்பிவிடும், பல லேபிள்களே இன்று இல்லை.

மீதி விடை சாம்பிள். அனுமதி கேட்காமல் எடுத்தவைதான் அதிகம். ஷட் அப் அண்ட் டான்ஸ் குழு 1992-இல் மார்க் கோனின் 'வாக்கிங் இன் மெம்ஃபிஸ்' பாட்டை அடிப்படையாக வைத்து 'ரேவிங் ஐ'ம் ரேவிங்' போட்டது. பட்டியலில் நேராக இரண்டாம் இடத்தில் நுழைந்தது. உரிமைத் தகராறு வந்து, தட்டு கடையிலிருந்து மறைந்தது. ஒரு பாட்டுக்கே இந்தப் பாடு என்றால், பதினாறு பாட்டு உள்ள ஆல்பத்துக்கு யார் உட்கார்ந்து கையெழுத்து வாங்குவார்கள்?

'கிளாசிக் ரேவ்'னு புது சிடி வாங்கினேன். பாட்டு அதேதான், ஆனா ஏதோ உப்பு குறையுது.

நானும் ஏமாந்திருக்கிறேன். மூன்று சிடி, அறுபது பாட்டு, விலை ஒரு பிரியாணிக்கும் கீழே. முதல் பாட்டிலேயே பாடகியின் குரல் வேறு, பியானோ பிளாஸ்டிக் மாதிரி. மறுபதிப்பு என்று நினைத்து வாங்கியது மறுபதிவு. அசல் பதிவின் உரிமம் விலை அதிகம் என்பதால் அதே பாட்டைப் புதிதாக வாசித்துப் போட்டிருந்தார்கள். பின்னட்டையின் கீழ் மூலையில் அதைச் சொல்லும் ஒரு வரி இருந்தது. எறும்பு படிக்கிற அளவில்.

வாங்கும்முன் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அசல் லேபிளின் பெயரும் ஆண்டும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அனேகமாக நம்பலாம். ஒட்டுமொத்தமாக ஒரே நிறுவனத்தின் பெயரும் சமீபத்திய ஆண்டும் மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

பழைய சிடி ஓரமெல்லாம் காபி கலரா மாறுது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதிக்கு இந்த வியாதி உண்டு. மேல்பூச்சு சரியாகக் காக்காததால் உள்ளே இருக்கும் உலோகப் படலம் மெல்ல அரித்து வெண்கல நிறமாகிறது. விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் போகும். சிடி நடுவிலிருந்து வெளியே ஓடுவதால் கடைசிப் பாட்டுதான் முதலில் அவுட். நிறம் மாறத் தொடங்கியதும் உடனே கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். துடைத்தால் போகாது.

எம்.ஐ.ஏ.வும் எக்ஸ்எல்லும் ஒரே லேபிள்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம்தான். லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண்ணான மாயா அருள்பிரகாசம்தான் எம்.ஐ.ஏ. அவருடைய முதல் ஆல்பம் 'அருளர்' 2005-இல் எக்ஸ்எல் வெளியீடு. அதே 'சாப்டர்' தொகுப்புகளின் லேபிள். அதற்குள் லேபிள் ரேவைத் தாண்டி எங்கோ போய்விட்டது. ஆனால் அந்த ஆல்பத்தின் கரகரப்பான பேஸில் பழைய லண்டன் ஒலி ஒளிந்திருப்பதாக எனக்கு ஒரு எண்ணம்.

சரி, வினைல்லயே வாங்குறேன். இது அந்தக் காலத்து அச்சா, பின்னால போட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அட்டையை நம்பாதீர்கள், அட்டையை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்து அச்சடிக்கலாம். தட்டை வெளியே எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்வாகக் காட்டுங்கள். கடைசிப் பாட்டு முடிந்து நடுக் காகிதம் தொடங்கும் முன் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அங்கே பொறித்திருக்கும் எண்ணில் ஆல்பத்தின் பட்டியல் எண், பக்கம், எத்தனையாவது வெட்டு (அச்சுக்கான மூலத் தட்டில் பள்ளம் வெட்டுவது) என்பவை இருக்கும். அட்டை முதுகில் உள்ள எண்ணோடு அது பொருந்த வேண்டும். வெட்டிய பொறியாளரின் கையெழுத்தும் சில சமயம் கிடைக்கும். ஜார்ஜ் பெக்கம் வெட்டிய பிரிட்டிஷ் தட்டுகளில் 'எ போர்க்கி பிரைம் கட்' என்று கையால் கீறியிருப்பார்.

இரட்டைத் தட்டு என்றால் நான்கு பக்கத்தையும் பாருங்கள். எனக்கு ஒருமுறை வந்த ஆல்பத்தில் முதல் தட்டு சரியாக இருந்தது. இரண்டாவது தட்டின் வளையத்தில் வேறு ஏதோ எண். போட்டுக் கேட்டால் யாரோ அக்கார்டியன் வாசிக்கிறார்.